ஊழியர் மீதா பழி?

அரசாங்கச் செயற்றிட்டங்கள் இழுபடுவதற்கு ஒப்பந்த ஊழியரின் அக்கறையின்மையே காரணமென மேலிடத்தார் கூறி வருகின்றனர். இக்கூற்றை நாம் முற்றாக மறுக்கின்றோம். அக்கறை எங்கே கெட்டதென்பதைச் சட்டப் புத்தகத்திலிருந்தே காட்டுவோம்.

தனியார் முதலாளி நியாயமின்றி வேலைநீக்கஞ் செய்தால், தொழிலாளி தொழில் நியாயமன்றுக்குச் செல்லலாம். 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் அதற்கு வழிசெய்கிறது. அதே சட்டத்தின் 49ஆம் பிரிவோ, அரசாங்கமே முதலாளியாக நிற்குமிடத்து இச்சட்டம் ஏற்புடையதன்று என்கிறது. 1971ஆம் ஆண்டின் வேலை முடிவுறுத்தற் சட்டத்திலும் இதே விலக்கு. கடைக்காரனுக்கு ஒரு நீதி. அரசுக்கு வேறொரு நீதி! அடிப்படை உரிமை மீறலென்று உயர் நீதிமன்றத்தை நாடலாமே என்பர். அதற்குத் தவணை ஒரு மாதம். வவுனியாவிலுள்ள வெளிக்கள ஊழியன் கொழும்பு சென்று வழக்காடுவானா?

இப்படி நிற்பவனிடமே எமது குளத்தையும் வாய்க்காலையும் ஒப்படைக்கின்றனர். எந்த மதகு கசியும், எந்தக் கட்டு கரையும் என்றறிய ஒருவனுக்கு இரண்டு காலபோகமாவது வேண்டும். அறிந்த வேளையில் ஒப்பந்தம் முடிந்துவிடும். வன்னிக் கமக்காரர் ஒருவர் எம்மிடம் சொன்னார்: "ஐயா, மூன்று பேருக்கு எங்கள் வாய்க்காலைக் காட்டிவிட்டேன், திருத்தினவர் ஒருவருமில்லை." இன்னொன்று. புதுப்பித்தற் கடிதத்தை எதிர்பார்த்திருப்பவன், கொந்தராத்துக்காரர் சீமெந்தைக் குறைத்துக் கட்டியதை அறிக்கையில் எழுதத் துணிவானா? துணிந்தால் கடிதம் வராது.

ஆட்சேர்ப்பில் அரசியற் கையுண்டென்பதை நாம் மறைக்கவில்லை. 180 நாட் சேவை செய்த தற்காலிக, ஒப்பந்த ஊழியரை நிரந்தரமாக்கும் 25/2014 சுற்றறிக்கை 2014 நவம்பரில் வந்தது. ஜனாதிபதித் தேர்தல் 2015 ஜனவரி 8இல் நடந்தது. 2020இல் பட்டதாரிகளுக்கு மாதம் 20,000 ரூபா கொடுத்து ஓராண்டுப் பயிற்சி என்றார்கள். நிரந்தர நியமனம் 2022 வரை இழுபட்டது. உரிமையாய்க் கொடுக்கவேண்டியதைக் கொடையாய்க் கொடுத்தால், பெறுபவன் பொதுமக்களுக்கல்ல, கொடுத்தவருக்கே கடன்பட்டவனாவான்.

எல்லோருக்கும் ஓய்வூதியம் கொடுங்கள் என்று நாம் கேட்கவில்லை. செயற்றிட்டம் முடியும்வரை ஒப்பந்தம் நிற்கட்டும். நீக்குவதாயின் காரணம் எழுத்தில் தரப்படட்டும். ஒப்பந்த ஊழியரைப் பொறுத்தமட்டிலேனும் 49ஆம் பிரிவு திருத்தப்படட்டும். எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் இதனைத் தனி உறுப்பினர் சட்டமூலமாகவேனும் கொண்டுவரலாம். வாய்க்காற் திறப்புவிழாக்களில் மாலை வாங்க வரும்போது, அச்சட்டமூலம் எங்கே என்று கமக்காரர் கேட்கவேண்டும்.