குடிபுகுந்த வீடு பழுதாயிருந்தால்



பிழைப்பை நாடி வேற்றூர் வந்த குடும்பத்துக்கு முதற்கவலை வேலை. அடுத்த கவலை வீடு. வேலை கிடைத்தவர் அலைந்து திரிந்து ஒரு வீட்டையும் பிடித்துவிடுகிறார். முன்பணம் கொடுத்து, நல்ல நாள் பார்த்து, பால் காய்ச்சிக் குடியும் புகுந்துவிடுகிறார். முதற் பெருமழை பெய்யும் இரவில்தான் வீட்டின் உண்மை நிலை வெளிப்படுகிறது. கூரை ஒழுகுகிறது, சுவர் நனைகிறது, விளக்கின் சுவிட்சைத் தொட்டால் கை சுரீரென்கிறது. முன்பணத்துக்காக ஊரில் நகையை அடகு வைத்தாயிற்று. உடனே வேறு வீடு பார்க்கக் கையில் பணமில்லை. வாழ வந்த ஊரில் வீட்டுக்காரரோடு வழக்காடுவதா என்ற தயக்கம் வேறு. இந்நிலையில் ஒரு குடும்பம் செய்யத்தக்கது யாது என்பதே இம்மாதப் பகுதியின் பொருள்.

பழவங்காடிக் கணபதி கோயிலைச் சுற்றியும், கோட்டைக்குள்ளும், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசர் காலத்தில் உருவான சாலைக் கடைத்தெருவை ஒட்டியும் தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். இங்குள்ள பழைய வீடுகள் பல வெட்டுக்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் எழுப்பப்பட்டு, மரச்சட்டங்களின்மேல் ஓடு வேயப்பட்டவை. நன்கு பேணினால் நூறாண்டு நிற்கக்கூடியவை. பேணாவிடில் ஒவ்வொரு மழைக்கும் ஒரு படி தளர்பவை. நம் ஊர்ப்புறங்களைப் போலன்றி இங்கே மழை ஆண்டுக்கு இருமுறை வலுத்துப் பெய்கிறது. வைகாசி நடுவில் தொடங்குவது இடவப்பாதி. ஐப்பசியில் இடியோடு வருவது துலாவர்ஷம். போதாக்குறைக்குத் தம்பானூரும் கிழக்கே கோட்டையும் பழவங்காடியும் தாழ்ந்த இடங்கள். இங்கே தேங்கும் நீரை வடிக்கவே 2015-ஆம் ஆண்டில் ‘ஆபரேஷன் அனந்தா’ என்னும் பெயரில் அரசு வடிகால்களைத் தூர்வாரி, ஆக்கிரமிப்புகளை அகற்றியது. ஆகவே வெயிற்காலத்தில் வெள்ளையடித்த சுவரைக் கண்டு மயங்கி வீடு பிடிப்பவர், ஆனி மாதத்தில் வருந்துவது வியப்பன்று.

பழுது எல்லாம் ஒரே தன்மையுடையதன்று. குழாய் சொட்டுவது, தாழ்ப்பாள் தளர்வது போன்றவை குடியிருப்பவரே நாலு காசு செலவிட்டுச் சரிசெய்து கொள்ளத்தக்கவை. உயிருக்கு ஊறு விளைப்பவை வேறு. அவற்றை அறிந்து கொள்ள எஞ்சினீயர் பட்டம் வேண்டுவதில்லை. மர உத்தரத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்னாமல் உள்ளீடற்ற ஓசை எழுந்தால் கறையான் உள்ளே தின்றுவிட்டது என்று கொள்ளலாம். சுவரில் வெடிப்பு இருந்தால் அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி வையுங்கள். சில வாரங்களில் வெடிப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்பது உறுதி. காங்கிரீட்டுத் தளத்தின் அடியில் செம்பழுப்புக் கறையும் நீளவாக்கில் கீறலும் தெரிந்தால், உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்து உப்பிக் காங்கிரீட்டைப் பிளக்கிறது. பாளம் பாளமாகத் தலையில் விழும் நாள் தொலைவில் இல்லை. அதன் கீழே குழந்தைகளைப் படுக்க விடாதீர்கள். நனைந்த சுவரில் மின்சாரம் கசிந்தால் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள். கசிவு கண்டவுடன் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் இ.எல்.சி.பி. என்ற கருவி வீட்டில் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

ஈரச்சுவர் அழகைக் கெடுப்பதோடு நின்றுவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் நகரில் 2020 டிசம்பரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. சூடானிலிருந்து அங்கே குடியேறியிருந்த குடும்பம் அது. வாடகை வீட்டுச் சுவரில் பூஞ்சணம் படர்வதைப்பற்றித் தந்தை 2017 முதலே முறையிட்டிருந்தார். அதன்மேல் வண்ணம் பூசிக்கொள்ளும்படி அவருக்குச் சொல்லப்பட்டது. பூஞ்சணத்திடையே நெடுநாள் வாழ்ந்ததே குழந்தையின் மூச்சுக் கோளாறுக்கும் மரணத்துக்கும் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை முடிவு கூறியது. அக்குழந்தையின் பெயராலேயே வழங்கும் சட்டவிதி 2023-இல் இயற்றப்பட்டு, 2025 அக்டோபர் முதல் அந்நாட்டுச் சமூகக் குடியிருப்புகளில் நடைமுறைக்கு வந்துள்ளது. ஈரமும் பூஞ்சணமும் தெரிவிக்கப்பட்டால் குறித்த கெடுவுக்குள் ஆராய்ந்து நீக்க வேண்டும் என்பது அதன் கட்டளை. அயலார் நாட்டில் குடியேறிய ஓர் எளிய குடும்பத்தின் துயரம் நமக்கும் பாடமாகும். ஈரத்தின்மேல் வெள்ளையடிப்பது பழுதை மறைக்குமேயன்றி நீக்காது.

இனி, பழுதைக் கண்டவர் பெரும்பாலும் இரண்டு தவறான வழிகளுள் ஒன்றில் இறங்குவர். ஒன்று, வாய்மூடி இருப்பது. மற்றொன்று, ‘பழுது நீக்கும்வரை வாடகை இல்லை’ என்று நிறுத்திக் கொள்வது. முதலாவது உடலைக் கெடுக்கும். இரண்டாவது வழக்கைக் கெடுக்கும்.

கேரளத்தில் வாடகை வீடுகளுக்குரியது 1965-ஆம் ஆண்டின் கட்டடக் குத்தகை, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். வீட்டுக்காரர் ‘காலி செய்’ என்று சொன்ன மாத்திரத்தில் குடியிருப்பவரை வெளியேற்ற அது இடந்தருவதில்லை. அதன் 11-ஆம் பிரிவு கூறும் காரணங்களுள் ஒன்றைக் காட்டி, வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றத்தின் உத்தரவைப் பெற வேண்டும். ‘பழுது நீக்கக் கேட்டார்’ என்பது அக்காரணங்களுள் ஒன்றன்று. ஆனால் ‘வாடகை பாக்கி வைத்தார்’ என்பது ஒன்று. வாடகையை நிறுத்துபவர், நியாயம் தம் பக்கம் இருந்தும், எதிராளியின் கையில் தாமே ஆயுதத்தைக் கொடுத்து விடுகிறார். பாக்கிக்காக வீட்டுக்காரர் அறிவிப்பு அனுப்பினால், அது கிடைத்த 15 நாட்களுக்குள் பாக்கியை நூற்றுக்கு 6 வீத ஆண்டு வட்டியோடும் அஞ்சற் செலவோடும் செலுத்திவிட வேண்டும். அவ்வாறு செலுத்திவிட்டால் அதைக் காட்டி வெளியேற்ற முடியாது.

பழுது பற்றிய ஏற்பாடு அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவில் உள்ளது. குடியிருப்பவர் அறிவிப்புக் கொடுத்தும், நியாயமான காலத்துக்குள் வீட்டுக்காரர் தேவையான பழுதுபார்ப்பைச் செய்யாவிட்டால், அக்காமடேஷன் கண்ட்ரோலர் என்னும் அதிகாரியிடம் மனுச்செய்யலாம். அவர் விசாரித்து, குடியிருப்பவரே பழுது பார்த்துக்கொண்டு செலவை வாடகையில் கழித்துக்கொள்ளுமாறு உத்தரவிடக் கூடும். உத்தரவு பெற்றுக் கழிப்பது வேறு. தாமாகவே கழிப்பது வேறு. முன்னது உரிமை, பின்னது பாக்கி என்று சொல்லப்படும் அபாயம் உடையது.

இவ்வுரிமை தொடங்கும் இடம் ‘அறிவிப்பு’ என்னும் ஒரு சொல்லில் அடங்கியிருப்பதைக் கவனியுங்கள். திண்ணையில் நின்று சொன்னதும், தொலைபேசியில் சொன்னதும் பின்னாளில் ‘சொல்லவே இல்லை’ என்று மறுக்கப்படலாம். தேதியிட்ட கடிதத்தை மறுக்க இயலாது. முதலில் நேரில் மரியாதையாகச் சொல்லுங்கள். அன்று மாலையே அதைக் கடிதமாகவும் எழுதுங்கள். கடிதம் இவ்வாறு இருக்கலாம்:

“ஐயா, தங்களுக்குச் சொந்தமான இன்ன இலக்க வீட்டில் இன்ன தேதி முதல் குடியிருந்து வருகிறேன். சென்ற மாதம் முடிய வாடகை செலுத்தியுள்ளேன். இன்ன தேதி இரவு மழையில் சமையலறைக் கூரை ஒழுகிற்று. உத்தரத்தின் மேற்கு முனை தாழ்ந்துள்ளது. கூடத்துச் சுவரில் மின்கசிவு உள்ளதென்று மின்பணியாளர் கூறினார். நிழற்படங்கள் இத்துடன் உள்ளன. தாங்கள் நேரில் வந்து பார்வையிட்டு, 15 நாட்களுக்குள் பழுதுகளை நீக்கித் தர வேண்டுகிறேன். மின்கசிவு உயிருக்கு ஆபத்தாகையால் அதை உடனே கவனிக்க வேண்டும். தாங்கள் வரும் நேரத்தைத் தெரிவித்தால் வீட்டில் இருப்பேன்.”

இதை அண்டை அயலில் நன்கு மலையாளம் அறிந்தவரைக் கொண்டு எழுதுவித்து, ஒரு நகலை வைத்துக்கொண்டு, அஞ்சலில் அனுப்புங்கள். பழைய பதிவஞ்சல் 2025-ஆம் ஆண்டில் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டு விட்டது. ஆதலால் விரைவு அஞ்சலில் பதிவு செய்து ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வாடகையை மாதந்தவறாமல் வங்கி வழியாகச் செலுத்தி, எந்த மாதத்துக்கு உரியது என்று குறிப்பிடுங்கள். கையில் கொடுத்தால் ரசீது கேளுங்கள். ரசீது பெறுவது குடியிருப்பவரின் சட்ட உரிமை. கேட்பது அவமதிப்பு ஆகாது.

வீடு இடிந்து விழும் நிலையில் இருந்தால் கடிதத்தோடு நிற்க வேண்டாம். 1994-ஆம் ஆண்டின் கேரள முனிசிபாலிட்டிச் சட்டப்படி, அபாயமான கட்டடத்தைப் பழுது பார்க்கவோ இடிக்கவோ உரிமையாளருக்குக் கட்டளையிடும் அதிகாரம் மாநகராட்சிச் செயலாளருக்கு உண்டு. ஆனால் ஒன்றை முன்னரே அறிந்திருப்பது நலம். கட்டடம் புதுக்கிக் கட்டவேண்டிய நிலையில் உள்ளது என்று காட்டி வீட்டுக்காரரும் வெளியேற்ற உத்தரவு கேட்கலாம். அப்படி நேர்ந்தால், புதிதாகக் கட்டிய வீட்டை நியாய வாடகைக்குப் பெறும் முதல் உரிமை, வெளியேறிய குடித்தனக்காரருக்கு உண்டு என்று 11-ஆம் பிரிவே கூறுகிறது. அவ்வுரிமையை நிலைநாட்டவும் பழைய ரசீதுகளே சான்று.

மற்றொரு எச்சரிக்கை. ஆத்திரத்தில் நாமே சுவரை இடித்தும் தூணை மாற்றியும் வேலை செய்யலாகாது. கட்டடத்தின் மதிப்பையோ பயனையோ நிலையாகக் குறைக்கும்படி நடந்து கொண்டார் என்பதும் வெளியேற்றத்துக்குரிய காரணங்களுள் ஒன்று. ஒழுகும் இடத்தில் தார்ப்பாய் கட்டுவதும், மின்கசிவை நிறுத்துவதும் போன்ற அவசரக் காப்பு வேலைகளைப் படமெடுத்து, செலவுச் சீட்டோடு செய்தால் போதும்.

இனி வீடு தேடப் போகிறவர்களுக்குச் சில சொற்கள். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 108-ஆம் பிரிவில், தமக்குத் தெரிந்ததும், சாதாரணக் கவனத்தால் குடிவருபவர் கண்டறிய இயலாததுமான பெருங்குறையை உரிமையாளர் வெளிப்படுத்த வேண்டும் என்கிறது. கண்ணுக்குத் தெரிந்த குறைக்கு இது உதவாது. ஆகையால் பகலில் ஒருமுறையும், கூடுமானால் மழை பெய்த மறுநாள் ஒருமுறையும் சென்று பாருங்கள். பீரோவின் பின்புறம், சமையலறை மூலை, குளியலறைக்கு அடுத்த சுவர் ஆகியவற்றைத் தொட்டுப் பாருங்கள். கிணறு இருந்தால் கழிவுத் தொட்டி எவ்வளவு தூரத்தில் உள்ளது என்று கேளுங்கள். முன்பு குடியிருந்தவர் ஏன் போனார் என்று பக்கத்து வீட்டு மாமியிடம் விசாரிப்பது எந்தச் சட்டத்திலும் இல்லாத நல்ல வழி.

வாடகைச் சீட்டு மலையாளத்தில் எழுதப்பட்டிருந்தால், வாசித்துப் பொருள் கேளாமல் கையெழுத்திடாதீர்கள். அதில் ‘அற்றகுற்றப்பணி’ என்னும் சொல் எங்கே வருகிறது என்று பாருங்கள். பழுதுபார்ப்பு என்பதற்கு மலையாளச் சொல் அது. அப்பணி யார் பொறுப்பு என்று அவ்வரி சொல்கிறதோ, அதுவே பெரும்பாலும் பிற்காலத்து வழக்கின் முடிவு. சொத்து மாற்றுச் சட்டம் ஒப்பந்தத்துக்கே முதலிடம் தருகிறது. உரிமையாளர் செய்யக் கடமைப்பட்ட பழுதைப்பற்றியே அது பேசுகிறது. தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டம் இதைத் தெளிவாகப் பங்கிட்டுள்ளது: கட்டடத்தின் உறுதி, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றல், மின்கம்பி அமைப்பு ஆகியவை உரிமையாளருக்கு; சாக்கடை துப்புரவு, சுவிட்சு, குழாய்த்திருகு, சன்னல் கண்ணாடி ஆகியவை குடியிருப்பவருக்கு. அச்சட்டம் இங்கே செல்லாது. ஆயினும் அந்தப் பங்கீட்டையே வாடகைச் சீட்டில் எழுதிக்கொள்ள இருவரும் இசைந்தால் தடையேதும் இல்லை. குடிபுகும் நாளில் ஒவ்வோர் அறையையும் படமெடுத்து, உள்ள குறைகளை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டால், பின்னர் முன்பணத்தில் பிடித்தம் செய்யும் பேச்சும் எழாது.

வீட்டுக்காரர் எல்லாரும் கல்நெஞ்சர் அல்லர். கோட்டைப் பகுதியில் ஒரு பழைய வீட்டின் சிறு வாடகையையே நம்பி வாழும் முதியோரும் உள்ளனர். ஓடு மாற்றும் செலவு அவர்களுக்கு மலையாகத் தோன்றும். அத்தகையோரிடம் வேலையைத் தவணையாகப் பிரித்து, இடவப்பாதிக்கு முன் கூரை, துலாவர்ஷத்துக்கு முன் சுவர் என்று பேசி முடிக்கலாம். அந்த உடன்பாட்டையும் எழுதி வைத்துக்கொண்டால் இரு குடும்பத்துக்கும் மன அமைதி.

இதைப் படித்தபின், இல்லத்தரசியர் இன்றே வீட்டின் கூரையையும் சுவரையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். குறை கண்டால் இன்றிரவே கடிதத்தை எழுதுங்கள். வாடகை நாள் வந்ததும் வாடகையைத் தவறாமல் செலுத்துங்கள்.