வலிய வந்த சீதேவியும் ஒரு கிரயப் பத்திரமும்

“வலிய வர்ற சீதேவிய காலால எட்டி ஒதைக்கச் சொல்றியா தாத்தா?” என்று கேட்டான் என் தங்கையின் பேரன். கையெழுத்துப் போட்டு முடித்த பிறகுதான் என்னிடம் வந்து கேட்டான். நம் வீடுகளில் யோசனை கேட்பதெல்லாம் எப்போதும் காரியம் முடிந்த பிறகுதானே!

விஷயம் இதுதான். 2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் மழை நம் மாவட்டத்தையே புரட்டிப் போட்டதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் தெருவில் இடுப்பளவுத் தண்ணீர். எதிர்வீட்டுப் பாட்டி இரண்டு ஆட்டுக்குட்டிகளை இரு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு கயிற்றுக் கட்டிலில் ஏறப் போய், வழுக்கித் தண்ணீரில் விழுந்தார். விழுந்தும் குட்டிகளை விடவில்லை. பையன்கள் ஓடிப்போய்த் தூக்கினார்கள். 40 விநாடி வீடியோ. பேரன் எடுத்துப் போட்டான். லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து செய்தி. “உங்கள் வீடியோ அற்புதம். இதை எடுத்தது நீங்கள்தானா? உலகம் முழுக்கக் கொண்டு செல்ல விரும்புகிறோம்.” கீழே ஒரு இணைப்பு. விரலால் கையெழுத்து. எட்டாயிரம் ரூபாய் வங்கிக் கணக்கில் ஏறியது. சீதேவிதான், சந்தேகமென்ன?

நான் 31 வருடம் சார்பதிவாளர் அலுவலகத்தில் குப்பை கொட்டியவன். பத்திரத்தைப் பார்த்தால் படிக்காமல் இருக்க முடியாது. அவன் போனிலிருந்ததைப் பக்கத்து வீட்டுப் பொறியியல் மாணவியை வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தேன். பழைய கிரயப் பத்திரங்களில் “புத்திர பௌத்திர பாரம்பரியமாய் சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது” என்று எழுதுவோமே, அதேதான். ஆங்கிலத்தில் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். என்றென்றைக்கும். திரும்பப் பெற முடியாதபடி. இன்றுள்ள, இனிமேல் கண்டுபிடிக்கப்படப் போகிற எல்லா ஊடகங்களிலும். எல்லை? உலகம் கூட இல்லை, “பிரபஞ்சம் முழுவதும்” என்று போட்டிருந்தார்கள். செவ்வாய் கிரகத்தில் போட்டுக் காட்டினாலும் காசு அவர்களுக்குத்தான்.

அரை சென்ட் புறம்போக்கு ஓரத்து மனையை விற்க வந்தாலும் எங்கள் அலுவலகத்தில் இரண்டு சாட்சி வேண்டும். எழுதிக் கொடுப்பவரைப் பார்த்து, “இது கிரயம்னு தெரியுமா? சம்மதம்தானா? பணம் வந்துச்சா?” என்று அதிகாரி கேட்பார். அந்தக் கேள்வியில் விழித்துக்கொண்டு, “ஐயோ, அடமானம்னு சொல்லித்தான் கூட்டியாந்தாங்க” என்று அழுத கிழவிகளை நான் பார்த்திருக்கிறேன். இங்கே அந்த ஒற்றைக் கேள்வியைக் கேட்க ஆளில்லை. இந்த வியாபாரம் நடப்பதே அதனால்தான் என்கிறேன்.

நம் பதிப்புரிமைச் சட்டம், 1957, எழுதிக் கொடுப்பவன் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கிறது. 19-ஆம் பிரிவைப் பாருங்கள். எத்தனை காலம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம்தான். எந்தெந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத பட்சத்தில், உரிமை நமக்கே திரும்பிவிடும். ஒப்பந்தம் போட்ட நாளில் இல்லாத ஊடகத்துக்கு, அதைக் குறிப்பாகச் சொல்லியிருந்தாலொழிய, ஒப்பந்தம் பொருந்தாது என்று 2012-இல் ஒரு திருத்தமும் வந்தது. இந்த ஓட்டைகளையெல்லாம் தெரிந்துதான் அந்தப் பக்கத்து வக்கீல்கள் ஒவ்வொன்றாக அடைத்துவிட்டு, கடைசி வரியில், வழக்கென்று வந்தால் தங்கள் ஊர்ச் சட்டம், தங்கள் ஊர்க் கோர்ட் என்றும் எழுதிவிடுகிறார்கள். செஞ்சியிலிருந்து யார் போய் வழக்காடுவது?

கணக்கும் போட்டுப் பார்த்தேன். சட்டத்தின் கண்ணில் வீடியோவும் சினிமாப் படம்தான். வெளியான வருடம் கழிந்து 60 வருடம் பதிப்புரிமை. ஆக 2084 முடியும்வரை. பேரனுக்கு அப்போது 80 வயது. எட்டாயிரத்தை அறுபதால் வகுத்தால் வருடத்துக்கு 133 ரூபாய். இந்த வாடகைக்கு ஒரு மாட்டுக் கொட்டகை கூட இங்கே கிடைக்காது.

இது புதுக் கதையும் அல்ல. பாரதி பாடல்களின் கதையை நினைத்துப் பாருங்கள். கவிஞர் போன பிறகு, அவர் பாட்டை இசைத்தட்டாக்கும், ஒலிபரப்பும் உரிமை சொற்பத் தொகைக்கு ஒரு வியாபாரியிடம் போனது. அவரிடமிருந்து ஏ.வி.மெய்யப்பச் செட்டியாரிடம் போனது. பேசும் படமும் வானொலியும் எவ்வளவு பெரிதாக வளரும் என்று விற்ற அன்று யாருக்குத் தெரியும்? 1948-இல் ‘பில்ஹணன்’ படத்தில் டி.கே.எஸ். சகோதரர்கள் பாரதி பாட்டைச் சேர்த்தபோது தகராறு வந்தது. பாரதி பாட்டைப் பாட ஒருவரிடம் அனுமதி கேட்பதா என்று தமிழ்நாடே கொதித்தது. 1949-இல் அந்த உரிமையை அரசு எடுத்துக்கொண்டது. அப்போது பிரதமராக இருந்தவர் நம் திண்டிவனம் பக்கத்து ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். மகாகவிக்கு ஒரு ஓமந்தூரார் இருந்தார். என் பேரனின் 40 விநாடிக்கு எந்த முதலமைச்சர் வருவார்?

இதற்குப் பேரன் ஒரு பதில் சொன்னான். “நான் குடுக்கலன்னா சும்மாவே திருடிப் போட்டுக்குவாங்க. எட்டாயிரமாவது வந்துச்சே.” நியாயமான பேச்சு. திருட்டு நடக்கத்தான் செய்கிறது. எல்லாக் கம்பெனியும் மோசம் என்றும் நான் சொல்லவில்லை. 2009-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஜூகின் மீடியா மாதிரி, இதையே முறையான தொழிலாக வளர்த்தவர்கள் உண்டு. 2021-இல் அதை இன்னொரு பெரிய நிறுவனம் வாங்கிக்கொண்டது. பெட்டியோடு பெட்டியாக உள்ளே இருப்பதும் கைமாறும் என்பதற்காகச் சொல்கிறேன். ஆனால் தோட்டத்தில் மாங்காய் திருடுகிறார்கள் என்பதற்காகத் தோட்டத்தையே கிரயம் செய்வோமா? பாதுகாப்பு வேண்டுமென்றால் குத்தகைக்கு விடலாமே!

அடுத்து நடந்ததுதான் என்னை எழுத வைத்தது. புயல் வந்து ஒரு வருடம் ஆனதும், பேரன் அன்றைய காட்சிகளைத் தொகுத்து ஒரு வீடியோ போட்டான். அவன் எடுத்த அந்த 40 விநாடியும் அதில் இருந்தது. உடனே உரிமை கோரி அறிவிப்பு வந்தது. விளம்பரக் காசு அந்தக் கம்பெனிக்கு. தன் வீட்டுத் திண்ணையில் உட்கார வாடகை கேட்கிறார்கள்.

அதுகூடப் போகட்டும். தேடிப் பார்த்ததில், பாட்டி விழும் காட்சி ஒரு வெளிநாட்டு நகைச்சுவைத் தொகுப்பில் இருந்தது. விழுவது மட்டும் மூன்று முறை திரும்பத் திரும்ப, பின்னால் சிரிப்புச் சத்தம். ஆட்டுக்குட்டிகளை விடாமல் பிடித்திருந்ததும் இல்லை, பையன்கள் தூக்கியதும் இல்லை. ஒப்பந்தத்தில் ‘வெட்டலாம், ஒட்டலாம்’ என்று இருந்ததே! ‘வீடியோவில் தெரிபவர்கள் எல்லோரிடமும் சம்மதம் வாங்கியிருக்கிறேன், யாராவது வழக்குப் போட்டால் செலவு என்னுடையது’ என்ற வரியிலும் பேரன் கையெழுத்திட்டிருந்தான். பாட்டியிடம் யார் கேட்டார்கள்? யாரோ காட்டிவிட்டார்கள் போல. பாட்டி என்னிடம் வந்து, “ஏம்பா, நான் வுழுந்தது அவங்களுக்குச் சிரிப்பா இருக்குதா?” என்றார். பேரன் தலை நிமிரவில்லை.

போன வருடம் ஜூலையில் நம் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதிலிருந்து ராஜகிரிப் படிக்கட்டில் கேமரா இல்லாத பிள்ளையே இல்லை. அவர்களுக்கும் இந்தச் செய்திகள் வரத் தொடங்கியிருக்கின்றன. சில வெறும் மோசடி, இணைப்பைத் தொட்டால் கணக்கே போய்விடும். உண்மையான கம்பெனி என்றால், பிள்ளைகளே, இப்படிப் பதில் எழுதுங்கள்: “விற்பனைக்கு இல்லை. இந்த நிகழ்ச்சிக்கு, இத்தனை மாதத்துக்கு, இவ்வளவு ரூபாய்க்கு அனுமதி தருகிறேன். வெட்டினால் என்னைக் கேட்க வேண்டும்.” நிஜமாகவே தேவைப்படுகிறவர் ஒப்புக்கொள்வார். மற்றவர் மறுபடி எழுத மாட்டார்.

எட்டாயிரத்தில் மிச்சமிருந்த மூவாயிரத்தைப் பேரன் பாட்டியிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். அவர் வாங்கவில்லை. “அத எடுக்கச் சொல்லு, போதும்” என்றார். அதுதான் நண்பர்களே, இனி அவன் கையில் இல்லை.