பூக்கார அக்காவின் பாக்கி

தலைகுனிவு என்றால் என்னவென்று எனக்குப் பாடம் எடுத்தது ஜாவா என்கிற கம்ப்யூட்டர் மொழி. அதுவும் எங்கள் வீட்டு வராண்டாவில், பதினைந்து பெண்கள் முன்னிலையில்.

நான் பி.காம். எந்த வகுப்பில் தேறினேன் என்பது இந்தப் பக்கத்துக்குத் தேவையில்லாத விவரம். முப்பது வயதைத் தாண்டினதும் சிலருக்கு ஜோசியம், சிலருக்கு யோகா. எனக்கு புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்ளும் ஆசை வந்தது. புத்தகம் வாங்கினேன். இரண்டு மாதம் ராத்திரி கண்விழித்தேன். 'ஹலோ வேர்ல்ட்' என்று திரையில் வரவழைத்தேன். உலகம் பதிலுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

எதையாவது உருப்படியாக எழுத வேண்டுமே என்று பார்த்தபோது கண்ணில் பட்டது அம்மாவின் நீள நோட்டு. அம்மா மகளிர் சுயஉதவிக் குழு நடத்துகிறாள். மாதாமாதம் ஆளுக்கு 200 ரூபாய் சேமிப்பு. சேர்ந்த பணத்தில் குழுவுக்குள்ளேயே கடன், ரெண்டு வட்டி. அதாவது நூற்றுக்கு மாதம் 2 ரூபாய். எல்லாம் அந்த நோட்டில்தான். கூட்டல் கழித்தல் எல்லாம் பென்சிலில், கையெழுத்து மட்டும் பேனாவில்.

"இனிமே நோட்டு வேண்டாம்மா. கம்ப்யூட்டர்ல போட்டுடலாம்" என்றேன்.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பி.காம். ரிசல்ட் வந்த அன்று பார்த்த அதே பார்வை.

ஜாவாவில் ஒரு சௌகரியம், பெயர்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். 'உறுப்பினர்' என்று ஒரு கிளாஸ். அதற்குள் பெயர், சேமிப்பு, பாக்கி. வட்டியைக் கணக்குப் போட ஒரு ஃபங்ஷன். அசலை வட்டி விகிதத்தால் பெருக்கு, விகிதம் என்பது 2-ஐ 100-ஆல் வகுத்தது. எட்டாம் கிளாஸ் பையன் போடுவான். எழுதி, ஓட்டி, பட்டியலை அம்மாவிடம் காட்டினேன்.

"ஏண்டா, எல்லாருக்கும் வட்டி பூஜ்யம்னு போட்டிருக்கே? கவர்மென்ட் தள்ளுபடி பண்ணிடுச்சா?"

விஷயம் என்னவென்றால், ஜாவாவில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண்தான். புள்ளிக்குப் பின்னால் இருப்பதைக் கேட்காமல் கொள்ளாமல் வெட்டிப் போட்டுவிடும். 2-ஐ 100-ஆல் வகுத்தால் 0.02 இல்லை, பூஜ்யம். அசல் லட்சமாக இருந்தாலும் வட்டி பூஜ்யம். முதலில் பெருக்கி, பிறகு வகுக்கும்படி மாற்றினேன். அம்மா பெயரில் 5,000 ரூபாய் கடன் என்று போட்டு ஓட்டினேன். வட்டி 100 வந்தது. சபாஷ். சோதனை முடிந்தது என்று முடிவு கட்டிவிட்டேன்.

முதல் மாதம் எல்லோருடைய வரவையும் நேராகக் கம்ப்யூட்டரிலேயே ஏற்றினேன். நோட்டில் எழுத வந்த அம்மாவைத் தடுத்துவிட்டேன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதக் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். முதல் ஆளாக எழுந்தது தெருமுனையில் பூக்கடை வைத்திருக்கும் அக்கா. பெண்ணுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டும், 5,000 ரூபாய் கடன் வேண்டும். பழைய பாக்கி இருந்தால் புதுக் கடன் கிடையாது என்பது குழுவின் விதி.

நான் பெயரைத் தட்டினேன். திரையைப் பார்த்துச் சத்தமாகப் படித்தேன். மெதுவாகச் சொல்லியிருக்கலாம், புது மாப்பிள்ளை முறுக்கு. "பாக்கி 6,000."

"இல்லையே தம்பி... போன மாசமே எல்லாம் கட்டிட்டேனே..."

அம்மா உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தாள். நோட்டில் 1,500 பாக்கி. போன மாதம் கட்டியதைத்தான் எழுத விடாமல் நான் தடுத்துவிட்டேனே! ஆக, கம்ப்யூட்டரில் 6,000, நோட்டில் 1,500, அக்கா வாயில் பூஜ்யம். மூன்று கணக்கு இருந்தால் ஜனங்கள் எதை நம்புவார்கள்? கம்ப்யூட்டரைத்தான். பதினாலு ஜோடிக் கண்கள் அக்கா பக்கம் திரும்பின. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

அக்கா எழுந்து வீட்டுக்குப் போனாள். அரை மணி கழித்து ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்தாள். உள்ளே அவளுடைய பாஸ்புக். போன மாதத் தேதி போட்டு, பாக்கி இல்லை என்று எழுதி, கீழே அம்மாவின் கையெழுத்து. அதை அம்மா கையில் கொடுத்துவிட்டு, "கடன் வேண்டாம் பெரியம்மா. வேற எடத்துல பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அம்மா என்னிடம் ராத்திரி வரை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மாடியில் குடியிருக்கும் பையன் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவனிடம் ஓடினேன். இரண்டு நிமிஷம் பார்த்தான்.

"அண்ணா, பாக்கிக்கு முன்னாடி ஸ்டாட்டிக்னு எதுக்குப் போட்டீங்க?"

"போடலைன்னா சிவப்புக் கோடு வந்தது. போட்டேன், போயிடுச்சு."

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். ஆபீஸ்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். கிளாஸ் என்பது பிரஸ்ஸில் அச்சடித்த வெற்று பாஸ்புக். ஆப்ஜெக்ட் என்பது ஒவ்வொருவர் பெயர் எழுதிக் கொடுத்த பாஸ்புக். ஆளுக்கு ஒன்று, அவரவர் பாக்கி அவரவரிடம். 'ஸ்டாட்டிக்' என்று போட்டால் அந்த விவரம் பாஸ்புக்கில் இருக்காது. வராண்டா சுவரில் மாட்டிய கரும்பலகைக்குப் போய்விடும். பலகை ஒன்றுதான். கடைசியாக யார் எழுதினார்களோ அதுதான் எல்லோருக்கும். என் பட்டியலில் கடைசிப் பெயர் தையல்கார அக்கா. அவளுடைய 6,000 பலகையில் நின்றது. அன்றைக்கு அம்மாவின் பெயரைத் தட்டியிருந்தாலும் 6,000 என்றுதான் வந்திருக்கும்.

"டெஸ்ட் எங்கண்ணா?" என்றான்.

"ஓட்டிப் பார்த்தேனே."

"அது டெஸ்ட் இல்லண்ணா, தரிசனம்."

அன்றைக்குத்தான் 'யூனிட் டெஸ்ட்' என்ற சமாசாரம் தெரிந்தது. ஒரு ஃபங்ஷனுக்கு ஒரு கேள்வி கொடுக்க வேண்டியது. என்ன விடை வர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டியது. வந்த விடையோடு ஒப்பிடுவதைக் கம்ப்யூட்டரே செய்யும். ஒத்துப்போனால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. ஜாவாவில் இதற்கு 'ஜேயூனிட்' என்று ஒரு கருவி. அது பிறந்த கதை சுவாரஸ்யம். 1997-ல் கென்ட் பெக், எரிக் காமா என்ற இரண்டு பேர் ஜூரிச்சிலிருந்து அட்லாண்டாவுக்கு ஒரு மாநாட்டுக்காக விமானத்தில் போனபோது, பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தது. பெக் அதற்கு முன்பே ஸ்மால்டாக் என்ற மொழிக்கு இதே மாதிரி ஒன்று செய்து வைத்திருந்தார். நான் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரோடு ஜன்னலுக்குத்தான் சண்டை போட்டிருக்கிறேன்.

முதல் டெஸ்ட்டை மாடிப் பையன் என்னையே எழுத வைத்தான். பூக்கார அக்காவுக்கு ஒரு ஆப்ஜெக்ட், தையல்கார அக்காவுக்கு ஒரு ஆப்ஜெக்ட். தையல்காரருக்கு 6,000 கடன் கொடு. பூக்காரரின் பாக்கியைக் கேள். எதிர்பார்ப்பது பூஜ்யம். ஓட்டினேன். சிவப்பு. 'எதிர்பார்த்தது 0, வந்தது 6000' என்று ஒரு வரி. வராண்டாவில் நடந்த மொத்தக் கூத்தும் அந்த ஒரு வரியில் இருந்தது. எழுதிய நேரம் மூன்று நிமிஷம்.

ஸ்டாட்டிக்கை எடுத்தோம், கூடவே அதை நம்பியிருந்த இன்னும் நாலு இடத்தைத் திருத்தினோம். பச்சை. "முதல்ல சிவப்பு வந்ததைப் பார்த்தீங்கல்ல? அதுதான் முக்கியம்ணா. ஒரு தடவைகூட சிவப்பு காட்டாத டெஸ்ட்டை நம்பாதீங்க" என்றான். வாஸ்தவம். திருடன் வந்தபோதும் குரைக்காத நாயை வைத்துக்கொண்டு வீடு பத்திரம் என்று சொல்ல முடியுமா?

அடுத்தது வட்டி ஃபங்ஷன். அதற்கு டெஸ்ட் எழுதவே முடியவில்லை. காரணம், என் ஃபங்ஷன் ஃபைலைப் படிக்கும், இன்றைய தேதியைத் தானே பார்த்துக்கொள்ளும், வட்டி போடும், திரையில் அச்சடிக்கும். அனுமார் மாதிரி சகல வேலையும் ஒருவரே. விடையைத் திருப்பித் தருவதே கிடையாது. திரையில் போட்டுவிட்டுப் போய்விடும். பிறகு எதோடு எதை ஒப்பிடுவது? தேதியை அதுவே பார்த்துக்கொண்டால் இன்று சரியாக வருவது அடுத்த மாதம் சரியாக வருமா என்று எப்படித் தெரியும்? பிரித்தோம். வட்டி ஃபங்ஷனுக்கு அசல், கடன் வாங்கிய தேதி, கட்டிய தேதி மூன்றையும் கையில் கொடுக்க வேண்டும். ஒரு எண்ணைத் திருப்பித் தர வேண்டும். அவ்வளவுதான் அதன் உத்தியோகம். 140 வரி, 12 வரியானது.

டெஸ்ட்டில் 2023 நவம்பரில் 1,000 ரூபாய் வாங்கி 2024 ஜனவரியில் கட்டியதாகப் போட்டேன். இரண்டு மாதம், 40 ரூபாய் வர வேண்டும். வந்தது மைனஸ் 200! அதாவது கடன் வாங்கியவருக்குக் குழு 200 ரூபாய் தர வேண்டுமாம். ஒன்றாம் மாதத்திலிருந்து பதினோராம் மாதத்தைக் கழித்திருக்கிறேன், வருஷத்தை மறந்து. இது மட்டும் வராண்டாவில் வெளியாகியிருந்தால் ஜனவரியில் குழுவின் எல்லா உறுப்பினர்களும் கியூவில் நின்றிருப்பார்கள்.

அப்புறம் ஒரு சிக்கல். 28-ம் தேதி வாங்கி அடுத்த மாதம் 3-ம் தேதி கட்டினால்? ஒரு மாத வட்டியா, வட்டியே இல்லையா? என்ன விடை எழுதுவது என்று எனக்கே தெரியவில்லை. கீழே போய் அம்மாவைக் கேட்டேன். அது வரை பேசாதவள் பேசினாள்.

"பதினஞ்சு நாளுக்குள்ள கட்டினா பாதி வட்டி. அது நாங்க பேசி வெச்சது."

"நோட்டுல இல்லையேம்மா?"

"எல்லாத்தையுமா எழுதுவாங்க? பூக்காரி எப்பவும் பத்து நாள்ல கட்டிடுவா. அவளுக்காகப் பேசினதுதான்."

டெஸ்ட் எழுத உட்கார்ந்திராவிட்டால் இந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கவே மாட்டேன். பத்து நாளில் கட்டுகிறவளிடம் போய் 6,000 பாக்கி என்று படித்தவன் நான்.

சாமர்த்தியம் ஒன்றும் பண்ணிப் பார்த்தேன். விடையைக் கையால் கணக்குப் போடச் சோம்பல்பட்டு, ஃபங்ஷன் என்ன சொல்கிறதோ அதையே எதிர்பார்ப்பு என்று எழுதினேன். எல்லாம் பச்சைப் பசேல். நம்ம ஆபீஸ்களில் பேங்க் பாஸ்புக்கைப் பார்த்தே கேஷ் புக் எழுதிவிட்டு, 'சார், டாலி ஆகிறது' என்பார்களே, அது. அழித்துவிட்டு, எதிர்பார்ப்பு எல்லாவற்றையும் அம்மாவின் பென்சில் கணக்கிலிருந்து எடுத்தேன்.

டாலி என்றதும் ஞாபகம் வருகிறது. ட்ரையல் பேலன்ஸ் இரண்டு பக்கமும் ஒத்துப்போனால் கணக்கு சரி என்று அர்த்தம் இல்லை. விட்டுப்போன பதிவையும் ஒன்றையொன்று ஈடுகட்டும் தப்புகளையும் அது காட்டாது என்று காலேஜில் படித்தோம். பச்சையும் அப்படித்தான். நீங்கள் கேட்ட கேள்விக்குத்தான் அது பதில் சொல்லும். ஜாவாவோடு வரும் சாமான்களிலேயே 'பைனரி தேடல்' என்று ஒரு சின்ன ஃபங்ஷன். வரிசையான பட்டியலின் நடுவைப் பார்த்துப் பார்த்துத் தேடுவது. நடுவைக் கண்டுபிடிக்க இரண்டு எண்களைக் கூட்டி இரண்டால் வகுக்கும். கூட்டுத்தொகை 2,147,483,647-ஐத் தாண்டினால் மைனஸ் ஆகிவிடும். சுமார் ஒன்பது வருஷம் அந்தத் தப்பு அதிலேயே இருந்தது. 2006-ல், அதை எழுதிய ஜோஷுவா பிளாக்கே வெளிப்படையாக ஒப்புக்கொண்டு எழுதினார். அத்தனை பெரிய பட்டியலைக் கொடுத்து யாரும் கேட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அவருக்கே அப்படி என்றால் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். பூக்கார அக்காவுக்கு அது ஆறுதல் ஆகாது.

மறுநாள் காலை அம்மாவோடு பூக்கடைக்குப் போனேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை. ஸ்டாட்டிக், ஆப்ஜெக்ட் எல்லாம் அங்கே எடுபடாது. "அக்கா, தப்பு உங்க மேல இல்ல. நான் எழுதினதுல தப்பு. அடுத்த கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொல்றேன்" என்றேன். அக்கா பூக்கட்டுவதை நிறுத்தவில்லை. "ஃபீஸ் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி நாள் தம்பி" என்று மட்டும் சொன்னாள். அம்மா முந்தானையிலிருந்து கவரை எடுத்தாள். முந்தின நாள் ராத்திரியே வீடு வீடாகப் போய் எல்லோரிடமும் சம்மதம் வாங்கியிருக்கிறாள். எனக்குத் தெரியாது.

அடுத்த கூட்டத்தில் சொன்னேன். காது சிவக்கச் சொன்னேன். இப்போது 31 டெஸ்ட். கூட்டத்துக்கு முன்னால் ஓட்டிவிட்டுத்தான் லேப்டாப்பை வராண்டாவுக்குக் கொண்டு வருகிறேன். நோட்டும் பக்கத்திலேயே இருக்கிறது, பென்சிலோடு.

"பாக்கி 5,000, வட்டி 100" என்று அன்று படித்தேன், மெதுவாக. பூக்கார அக்கா பணத்தை எண்ணிக் கொடுத்தாள். பிறகு பிளாஸ்டிக் கவரிலிருந்து பாஸ்புக்கை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள்.

"நீங்க கையெழுத்துப் போட்டுடுங்க பெரியம்மா."