மெயின்டித் திடலும் புத்தளம் வீதியும்

வேல்ஸின் கார்டிஃப் நகரில் 1986இல் பிறந்த ஜெரைன்ட் தோமஸ், சிறுவயதில் மெயின்டி திறந்தவெளித் தளத்தில் துவிச்சக்கர வண்டியோட்டம் பழகியவர். 1958 பொதுநலவாயப் போட்டிகளுக்குப் பயன்பட்ட பழைய தளம் அது. பின்னர் 2008, 2012 ஒலிம்பிக் குழுத் துரத்தல் போட்டிகளில் தங்கம். 2018இல் பிரான்ஸ் சுற்றுப் பட்டம். 2025இல் சொந்த ஊரான கார்டிஃபிலேயே ஓய்வு.

வாகனங்கள் நுழையாத தளத்தில் பழகிய கால்களே பிற்காலத்தில் மலைகளை வென்றன. புத்தளம் கரையோரத்தில் சமதரை உண்டு. விடியுமுன் மீன்பெட்டி கட்டிச் சைக்கிள் மிதிக்கும் உழைப்பும் உண்டு. ஆயினும் எமது சிறுவர்கள் வேகம் பழகுவது லொறிகளும் பஸ்களும் விரையும் கொழும்பு வீதியின் ஓரத்தில்தான். சித்திரைப் புத்தாண்டு சைக்கிளோட்டங்களும் (கிண்ணங்களுக்கு மட்டும் குறைவில்லை) அவ்வாறே. பரிசளிக்க மேடையேறும் பிரமுகர்கள், சிலாபத்துக்கும் கற்பிட்டிக்கும் இடையே ஒரு தளத்துக்கு நிதி ஒதுக்க முன்வரலாகாதா?