தரையைத் தொட்ட பிறகுதான் சிக்கல்

பழைய சிறு விமானம் ஒன்று இறங்கும்போது கவிழ்ந்தது என்று செய்தி வந்தால், "ஓட்டை விமானம், வேறென்ன ஆகும்?" என்று சொல்லிவிடுகிறோம். பட்டாசு ஆலை விபத்து என்றால் 'உராய்வு' என்ற ஒற்றைச் சொல்லோடு செய்தி முடிந்துபோவதைப் பார்த்துப் பழகிய ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து வாசகருக்கு இந்த அவசரத் தீர்ப்பு புதிதல்ல.

டைகர் மாத் விமானத்தை எடுத்துக்கொள்வோம். முதலில் பறந்தது 1931-ல். செப்பனிட்ட ஒன்றை நம் விமானப்படை 2012 விமானப்படை நாளில் பறக்கவிட்டது. முன்னால் இரண்டு சக்கரம், வாலடியில் ஒரு சறுக்குக் கட்டை, பிரேக் கிடையாது. எடையின் மையம் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. வினையே அதுதான். மாடு இழுக்கிற வண்டி தானாக நேராகும். பின்னாலிருந்து தள்ளுகிற வண்டி லேசாக விலகினாலே முழுக்கத் திரும்பிவிடும். ஓடும்போது மூக்கு சற்று விலகினால், பின்னாலுள்ள எடை வாலை வெளியே தள்ளி விமானத்தைச் சுழற்றும்; இறக்கை தரையில் உரசும். வால் சுக்கானால் திருத்தலாம் என்றால், காற்று வேகமாகப் படும்வரைதான் அது வேலை செய்யும். வேகம் குறைந்தால் அதன் பிடியும் போச்சு. போதாததற்கு மூக்கு தூக்கி நிற்பதால் விமானிக்கு நேர் எதிரே எதுவும் தெரியாது.

அன்றைய மைதானங்கள் பரந்த புல்வெளிகள். காற்றை எதிர்த்து எந்தத் திசையிலும் இறங்கலாம். தார் ஓடுதளமோ ஒரே திசையில் கிடக்கும். கயத்தாறு காற்றாலைகளைச் சுழற்றுகிற ஆடிக் காற்று அதற்குக் குறுக்கே அடித்தால், தேர்ந்த விமானியும் திணறுவார். நம் கரிசலை நம்பியும் இறங்க முடியாது. ஐப்பசி மழைக்குப் பிறகு அது சக்கரத்தைக் கவ்வி, விமானத்தை மூக்குக் குப்புறக் கவிழ்த்துவிடும்.

எல்லாச் சிறு விமானங்களுக்கும் இந்தச் சிக்கல் இல்லை. 2025 நவம்பரில் கீரனூர் அருகே நெடுஞ்சாலையில் இறங்கிய செஸ்னா பயிற்சி விமானத்துக்கு மூன்றாவது சக்கரம் மூக்கடியில். அந்த அமைப்பு தானாக நேராகும்.

பழைய விமானங்களில் இயந்திரக் கோளாறே காரணமாகும் விபத்துகளும் உண்டு. 2015-ல் நடிகர் ஹாரிசன் ஃபோர்டு ஓட்டிய 1942-ஆம் ஆண்டு ரையன் விமானம் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் விழுந்தது. கார்புரேட்டருக்குள் எரிபொருளை அளந்து விடும் 'ஜெட்' என்ற சிறு பாகம் கழன்று எஞ்சின் சக்தி இழந்திருந்தது. அது பராமரிப்பில் வந்த குறை. இறங்கும் விதத்தில் வந்ததல்ல.

ஆகவே அடுத்த முறை இப்படிச் செய்தி படித்தால், கோளாறு வந்தது சக்கரம் தரையைத் தொடுவதற்கு முன்பா, பின்பா என்று பாருங்கள். பின்பு என்றால், விமானத்தின் வயதைவிட அன்றைய காற்றைப் பற்றித்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.