விண்மீன் காட்டும் தொழில்: எதற்குக் கூலி?



ஊத்துக்குளியில் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் அண்மையில் ஒரு மார்க்க வினாவுடன் வந்தார். திருப்பூர்ப் பனியன் கம்பெனி ஒன்றில் நைட் ஷிப்ட் பார்த்துவரும் அவர், சேமிப்பைக் கொண்டு ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வாங்கியிருக்கிறார். மாதம் இருமுறை, பத்துப் பன்னிரண்டு பேரை வேனில் ஜவ்வாது மலைப் பக்கம் அழைத்துச் சென்று, இரவு வானத்தைக் காட்டி, மறுநாள் திரும்பும் சிறு தொழில் ஒன்றைத் தொடங்க விரும்புகிறார். அவருடைய தகப்பனாருக்கு அதில் சம்மதமில்லை. "அல்லாஹ் எல்லாருக்கும் சும்மா கொடுத்த வானத்தைக் காட்டிக் காசு வாங்குவதா?" என்பது அவர் கேள்வி.

அக்கேள்வியை நாம் எளிதாகத் தள்ளிவிட இயலாது. வானம் எவருடைய உடைமையும் அன்று. ஆனால் தண்ணீரும் அப்படித்தான். நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் கூட்டாளிகள் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழிகாட்டல். எனினும் ஆற்று நீரைத் தோளில் சுமந்து நம் வாசலுக்குக் கொண்டுவருபவர் கூலி பெறுவதை எவரும் குறை சொல்வதில்லை. அவர் பெறுவது ஆற்றின் விலையன்று. சுமந்த உழைப்பின் கூலி. நம் மாணவர் பெறப்போவதும் அவ்வாறே. அவருடைய நேரம், கற்ற கல்வி, தொலைநோக்கி, வேன், உணவு ஆகியவற்றுக்கே கட்டணம். ஃபிக்ஹு நூல்கள் 'இஜாரா' என்று கூறும் கூலி ஒப்பந்தத்துள் இது அடங்கும் என்பதே நம் கருத்து.

ஆகவே தொழில் ஆகுமானதே. ஆயினும் அதன் வருமானம் தூய்மையாக இருப்பது, அவர் எதை வாக்களிக்கிறார் என்பதைப் பொறுத்தது.

வானில் பறக்கும் பறவையையும் நீரில் நீந்தும் மீனையும் பிடிப்பதற்கு முன்பே விற்கலாகாது என்பது ஃபுகஹாக்கள் தரும் பழைய உதாரணம். கையில் இல்லாததை, கிடைக்குமோ கிடைக்காதோ என்ற நிலையில் விற்பது 'ஙரர்'. விண்மீன் காட்டுபவருக்கு மேகமே ஙரர். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்றோடு வரும் மேகம். தை முதல் பங்குனி வரை வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும் என்றாலும், எந்த ஓர் இரவுக்கும் மனிதரால் உறுதி கூற முடியாது. "பால்வீதியைக் கட்டாயம் காணலாம்" என்று விளம்பரம் செய்பவர், பறக்கும் பறவையை விற்கிறார்.

இதற்கு வழி உண்டு. வேன், உணவு, தங்குமிடம் ஆகியவற்றின் செலவைத் தனியாகவும், வானம் காட்டும் கட்டணத்தைத் தனியாகவும் முன்பே எழுதிக் கொடுக்கட்டும். மேகம் மூடினால் இரண்டாவது தொகையைத் திருப்பித் தரட்டும். அல்லது வேறோர் இரவுக்கு மாற்றித் தரட்டும். புறப்படும் முன் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நிபந்தனையில் பின்னர்ச் சண்டைக்கு இடமில்லை. நாள் குறிப்பதற்கு ஹிஜ்ரி நாட்காட்டியே அவருக்குத் துணை செய்யும். பிறை 22 முதல் அடுத்த மாதம் பிறை 4 வரை முன்னிரவில் நிலவின் தொல்லை இராது. நாம் நோன்பு வைக்கும் 13, 14, 15 ஆகிய வெள்ளை நாட்களில் மங்கலான விண்மீன்கள் நிலவொளியில் மறைந்துவிடும். அந்நாட்களில் கூட்டம் சேர்ப்பது நேர்மையாகாது.

அடுத்தது குறையை மறைக்காமை. கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, அடியில் இருந்த ஈரத்தைக் கண்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று நபியவர்கள் எச்சரித்த நிகழ்ச்சியை நாம் அறிவோம். சாம்பிளில் நல்ல துணியைக் காட்டிவிட்டு, பெட்டியின் அடியில் செகண்ட்ஸ் சரக்கை வைப்பது எத்தகைய செயல் என்று திருப்பூர் வட்டாரத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. சிவப்பும் நீலமுமாக ஒளிரும் விண்முகில் படங்களை நோட்டீசில் அச்சிடுவதும் அதைப் போன்றதே. கேமரா பல நிமிடங்கள் ஒளியைச் சேகரித்து அந்நிறங்களைத் தருகிறது. மங்கலான ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் புலப்படாது. ஆறு அங்குலத் தொலைநோக்கியில் ஓரியன் விண்முகில் சாம்பல் நிறப் புகை போலவே தெரியும். இதை முன்பே கூறட்டும். சனியின் வளையமும், வியாழனின் நான்கு நிலவுகளும், நம் நிலவின் பள்ளங்களும் சிறு தொலைநோக்கியிலேயே தெளிவாகத் தெரிபவை. உண்மையைச் சொன்னாலும் வாடிக்கையாளர் வருவார்.

மூன்றாவது, ஈமானைப் பற்றியது. வருவோருள் சிலர், "என் ராசி எங்கே?" என்று கேட்கத்தான் செய்வார்கள். விருச்சிகத்தின் தேள் வடிவைக் காட்டுவதில் பிழையில்லை. அதைக் கொண்டு ஒருவர் வாழ்வில் நடப்பதைக் கூறுவதே விலக்கப்பட்டது. நபியவர்களின் அருமை மகனார் இப்ராஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் நேர்ந்தபோது, மக்கள் இரண்டையும் இணைத்துப் பேசினர். எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று, துயரத்தின் நடுவிலும் நபியவர்கள் திருத்தினார்கள். கூடுதல் கட்டணத்துக்கு ஆசைப்பட்டு நம் மாணவர் அக்கோட்டைத் தாண்டலாகாது.

இத்தனை நிபந்தனைகளோடு இத்தொழில் தேவைதானா என்று கேட்கலாம். நாம் தேவை என்கிறோம். சில மாதங்களுக்கு முன், அவர் ஒத்திகையாகச் சென்ற பயணத்தில் நாமும் உடன் சென்றோம். சுப்ஹு காதிப் எனும் பொய்வைகறையையும், சுப்ஹு ஸாதிக் எனும் மெய்வைகறையையும் பல ஆண்டுகளாக நாம் பாடம் நடத்தி வருகிறோம். மேல்நோக்கி எழுவது பொய்வைகறை, அடிவானில் குறுக்கே பரவுவது மெய்வைகறை என்று கரும்பலகையில் கோடு கிழித்துக் காட்டுவோம். ஆனால் அன்று மலைமேல்தான், கிழக்கில் கூம்பு போல் எழுந்த அந்த மங்கிய ஒளியை முதன்முதலாகக் கண்ணால் கண்டோம். நாற்பது வயதைக் கடந்த ஆசிரியருக்கே இந்நிலை என்றால், நம் பிள்ளைகளின் நிலை என்ன? அல்அன்ஆம் அத்தியாயத்தின் 97ஆம் வசனம் விண்மீன்களை இருளில் வழிகாட்டும் அருளாகக் கூறுகிறது. அதை மனனமாக ஓதும் பிள்ளை, ஊத்துக்குளி வானில் எண்ணிவிடக்கூடிய சில விண்மீன்களையே காண்கிறது.

ரோகிணியை அறபியர் 'தபரான்' என்றனர். ஸுரய்யாவாகிய கார்த்திகைக் கூட்டத்தைப் பின்தொடர்வது என்பது அதன் பொருள். அகத்தியர் என்று நாம் கூறும் விண்மீன் அவர்களுக்கு ஸுஹைல். கி.பி. 964இல் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி விண்மீன்களைப் பற்றித் தனி நூலே இயற்றினார். இரு மரபுகளின் பெயர்களையும் ஒருசேரச் சொல்லிக் காட்டும் வழிகாட்டி, நம் சமுதாயத்துக்குக் கிடைக்கும் நல்ல ஆசிரியர்.

லடாக்கின் ஹான்லேயில், ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஆய்வகம் உள்ளது. 2022இல் அப்பகுதி இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அக்கம்பக்கத்துக் கிராமத்து ஆண்களுக்கும் பெண்களுக்கும் பயிற்சியும் தொலைநோக்கியும் அளிக்கப்பட்டன. வரும் பயணிகளுக்கு இன்று அவர்களே வானம் காட்டிப் பொருளீட்டுகின்றனர். அதற்கு ஈடாக ஊரார் தம் வீட்டு வெளிச்சத்தை அடக்கி வைக்கின்றனர். ஊர் முழுவதும் இருளைக் காத்தால்தான் அத்தொழில் நிலைக்கும்.

இங்கே நம் பங்கையும் சொல்ல வேண்டும். ஊத்துக்குளிக்கு மேற்கே திருப்பூரின் வெளிச்சம் வானில் படர்ந்து நிற்கிறது. அதை ஒரு நாளில் மாற்ற நம்மால் இயலாது. ஆனால் இஷாவுக்குப் பின் ஆளில்லாத பள்ளிவாசல் முற்றத்தில் விடியும் வரை வான்நோக்கி எரியும் ஃபோகஸ் விளக்குகள் நம் பொறுப்பில் உள்ளவை. ஒளு செய்யும் நீரில் கூட வீண்விரயம் கூடாது என்று கற்பிக்கும் நாம், வெளிச்சத்தில் அதை மறந்துவிட்டோம். விளக்கைத் தரைநோக்கித் திருப்புவதும் தேவையற்றபோது அணைப்பதும் நிர்வாகிகளுக்குக் கடினமன்று.

மாணவரின் தகப்பனாருக்கு நாம் சொன்னது இவ்வளவே: உங்கள் மகன் வானத்தை விற்கவில்லை, மேகம் வந்தால் பணத்தைத் திருப்பித் தரும் மனம் அவருக்கு இருக்கும் வரை, அவர் ஈட்டுவது ஹலாலான கூலியே. அடுத்த பயணத்தில் நீங்களும் உடன் செல்லுங்கள். பஜ்ரை அங்கே அவரோடு ஜமாஅத்தாகத் தொழுங்கள்.

அல்லாஹ் நம் அனைவரின் வருமானத்திலும் பரக்கத் செய்வானாக! ஆமீன்.