கண்ணா, கருவியா?

சொந்த விமானம் ஓட்டுபவர் கிளம்பும் முன் முடிவு செய்ய வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வெளியே பார்த்து ஓட்டுவதா, கருவிகளைப் பார்த்து ஓட்டுவதா? முதலாவது வி.எஃப்.ஆர்., அடுத்தது ஐ.எஃப்.ஆர்.

வி.எஃப்.ஆரில் சுதந்திரம் அதிகம், ஆனால் மேகத்துக்குள் நுழையக் கூடாது. ஐ.எஃப்.ஆருக்குத் தனிப் பயிற்சியும் தனி ரேட்டிங்கும் வேண்டும்.

என்னைக் கேட்டால் இரண்டுமே ஆபத்தில்லை. முதலாவதில் கிளம்பிவிட்டு, இரண்டாவது தேவைப்படும் இடத்தில் மாட்டிக்கொள்வதுதான் ஆபத்து.

பாலவாக்கம் கடற்கரையில் மூட்டமான ஒரு மாலையில் நின்று பாருங்கள். கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. நாம் மணலில் நிற்பதால் கவலையில்லை. மேலே பறப்பவருக்கு அடிவானம் தொலைந்தால் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு பொய் சொல்ல ஆரம்பிக்கும். விமானம் சாய்ந்து திரும்பிக்கொண்டிருக்கும், அவருக்கோ நேராகப் போவது போலிருக்கும்.

1999 ஜூலையில் ஜான் கென்னடி ஜூனியர் இப்படித்தான் இரவில் கடல் மேல் பறந்து, மனைவி, மைத்துனியோடு இறந்தார். அவரிடம் ஐ.எஃப்.ஆர். ரேட்டிங் இல்லை. 2020 ஜனவரியில் கோபி பிரையன்ட் போன ஹெலிகாப்டரும் வி.எஃப்.ஆரில் கிளம்பி மேகத்தில் சிக்கியதுதான். தனியார் பயணம் இல்லைதான், ஆனாலும் நம்ம குன்னூர் அருகே 2021 டிசம்பர் 8 அன்று ஜெனரல் பிபின் ராவத் உட்பட 14 பேரைப் பலிகொண்ட விபத்திலும், மேகத்துக்குள் புகுந்து விமானி நிலை தடுமாறியதாகத்தான் விசாரணைக் குழு சொன்னது.

ஆகவே ரேட்டிங் உள்ளவர் வானம் தெளிவாக இருந்தாலும் ஐ.எஃப்.ஆரிலேயே போகட்டும். இல்லாதவர் மேகத்தைக் கண்டதும் திரும்பிவிடட்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.